அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை: பாய்லருக்கு இரட்டை பிஎல்சி போட்ட அனுபவம்

அரவைப் பருவம் முடிந்து ஆலை அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் எங்களுக்கு முழு வேலை. மில் உருளைகளைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். பாய்லர் குழாய்க்குள் சுரண்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு இடைவெளியில், கரும்புச் சக்கையில் எரிந்து நீராவியும் மின்சாரமும் தரும் எங்கள் கோஜென் பாய்லரின் பழைய ஒற்றை பிஎல்சியை (பாய்லரை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) கழற்றிவிட்டு, ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும்படி இரண்டு சிபியு சேர்ந்து ஓடும் ரிடன்டன்ட் அமைப்பைப் போட்டோம். பாய்லரைச் சுற்றியுள்ள கருவிகளின் கேபிள்களை ஒரே பேனலுக்கு இழுக்காமல், ஐந்து இடங்களில் ரிமோட் ஐஓ ரேக் வைத்தோம், அதாவது சிக்னலை வாங்கி உத்தரவைக் கொடுக்கும் ஐஓ கார்டுகள் அடங்கிய ரேக். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முந்தைய பருவத்தில் ஒரு நள்ளிரவு பழைய பிஎல்சியின் பவர் சப்ளை கார்டு செத்தது. சிபியு நின்றது, அவுட்புட் எல்லாம் பூஜ்யமானது. புகையை இழுக்கும் ஐடி ஃபேன், காற்றைத் தள்ளும் எஃப்டி ஃபேன், சக்கை ஊட்டும் ஃபீடர் என்று வரிசையாக விழுந்தன. பாய்லர் பாதுகாப்பாகத்தான் நின்றது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீராவி இறங்கி, டர்பைன் டிரிப் ஆகி (பாதுகாப்புக்காகத் தானே நின்று), மில்லும் நின்றது. கார்டை மாற்றி, மறுபடி மூட்டி, அழுத்தம் ஏற்றி, அரவை ஓடத் தொடங்கும்போது காலை ஒன்பது மணி. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே ரோடு வரை நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் காத்திருந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "ராத்திரி கரண்ட்டு போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, ஒரு சாமான் கெட்டுப்போச்சு" என்றேன். உள்ளங்கை அளவு சாமான் ஒன்றுக்காக அவர் வண்டி ஆறு மணி நேரம் நின்றது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாக எடுத்தது சீமென்ஸ் எஸ்7-400எச். இரண்டு சிபியு 414-5எச், யூஆர்2-எச் ரேக்கில். அது பார்க்க ஒரே ரேக் மாதிரி இருக்கும். உள்ளே 9 ஸ்லாட் வீதம் மின்சார ரீதியாக இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு பாதிக்கும் தனி பவர் சப்ளை. இரண்டு சிபியுவுக்கும் நடுவே இரண்டு ஃபைபர் கேபிள். இரண்டும் ஒரே புரோகிராமைச் சேர்ந்தே ஓட்டும். ஒன்று ஓட, மற்றது தூங்கிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இல்லை இது. உள்நிலை மாறுபடக்கூடிய ஒவ்வொரு இடத்திலும், அதாவது ஒரு இன்புட்டை நேரடியாகப் படிக்கும்போதோ ஒரு இன்டரப்ட் வரும்போதோ, இரண்டும் நின்று ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். அதனால்தான் ஒன்று விழுந்தால் மற்றது அதே இடத்திலிருந்து குலுங்காமல் தொடர்கிறது.

ரிமோட் ரேக் எல்லாம் ஈடி 200எம். ஒவ்வொரு ரேக்கிலும், ரேக்கை சிபியுவோடு இணைக்கும் ஐஎம் 153-2 மாட்யூல் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடது ஐஎம் முதல் சிபியுவின் ப்ரொஃபிபஸ் (தகவல் போகும் பஸ் கேபிள்) லைனிலும், வலது ஐஎம் இரண்டாவது சிபியுவின் லைனிலும் தொங்கும். எது கையில் பொறுப்பு இருக்கிறதோ அதில் ஆக்ட் விளக்கு எரியும். இதற்கு மாட்யூல் மாட்டும் சாதாரண ரயிலும் யூ வடிவ பஸ் கனெக்டரும் ஆகாது. ஆக்டிவ் பஸ் மாட்யூலும் அதற்கான தனி ரயிலும் வேண்டும். ஆர்டர் போடும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்பில் இரட்டிப்பது சிபியு, பவர் சப்ளை, பஸ் கேபிள், ஐஎம் ஆகிய நான்குதான். ஐஓ கார்டு ஒன்றே ஒன்றுதான். கார்டையும் இரட்டிக்கலாம், ஆனால் செலவு எகிறிவிடும். எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அப்படியானால் ஒரு கார்டு செத்தால் எதெல்லாம் சேர்ந்து சாகும் என்பதைப் பேப்பரில் முன்கூட்டியே தீர்த்தாக வேண்டும். ஐஓ லிஸ்ட்டை வைத்துக்கொண்டு பாய்லர் ஆபரேட்டர் அண்ணனோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது அந்த இரண்டு நாள்தான் என்பேன்.

டிரம் லெவலுக்கு (பாய்லர் மேல் டிரம்மின் நீர்மட்டம்) மூன்று டிரான்ஸ்மிட்டர், அதாவது அளந்து அனுப்பும் கருவி. மூன்றில் இரண்டு சொன்னால்தான் டிரிப். பழைய பேனலில் இந்த மூன்றும் ஒரே அனலாக் கார்டின் 0, 1, 2 சேனல்களில் இருந்தன. மூன்று டிரான்ஸ்மிட்டர் வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகிற ஏற்பாடு அது. இப்போது முதல் ரேக்கில் இரண்டு தனித்தனி கார்டிலும், இரண்டாவது ரேக்கில் ஒரு கார்டிலுமாகப் பிரித்தோம். நீராவி ஓட்டம், ஃபீட் வாட்டர் ஓட்டம் இரண்டையும் அதே மாதிரி பிரித்தோம். டிரம்முக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப் இரண்டு இருக்கிறதென்றால், இரண்டின் ஸ்டார்ட் உத்தரவும் ஒரே அவுட்புட் கார்டில் இருக்கக் கூடாது.

"ரேக்கே செத்துப்போனா என்ன ஆகும்?" என்று ஆபரேட்டர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு ஐஎம்மும் போனால் அவுட்புட் பூஜ்யம். ஃபேன்களுக்கும் ஃபீடருக்கும் அது சரி, நெருப்பு அடங்கட்டும். ஆனால் சக்கை பாய்லரில் ஃபீடர் நின்ற பிறகும் கிரேட்டின் மேல் கிடப்பது எரிந்துகொண்டுதான் இருக்கும், நீராவி வந்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் டிரம்முக்குத் தண்ணீர் நின்றால் குழாய் போய்விடும். அதனால் ஃபீட் பம்ப்புக்கு மட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் பல்ஸாக, ஒரு கணம் மட்டும், கொடுத்து, ஓட்டத்தைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங்கை எம்சிசி (மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல்) கான்டாக்டரிலேயே வைத்தோம். பிஎல்சி முழுக்கச் செத்தாலும் ஓடுகிற பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபீட் கன்ட்ரோல் வால்வுக்குப் போகும் அனலாக் அவுட்புட் கார்டில் கடைசி மதிப்பைப் பிடித்து வைக்கும்படி செட் செய்தோம். ஃபேன்களுக்கு மெயின்டெய்ன்ட், அதாவது விடாமல் நிற்கும், உத்தரவு. ரிலே விழுந்தால் ஃபேன் விழும். இதையெல்லாம் புரோகிராம் எழுதும் ஸ்டெப் 7 மென்பொருளில் டிக் போடுகிற நேரத்தில் முடிவு செய்ய முயன்றால் தப்பாகப் போகும்.

பேனல் வந்து இறங்கியதும் முதல் மூன்று நாள் சிபியுவோடுதான் போனது. பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்சில் ஒன்றை ரேக் 0 என்றும் மற்றதை ரேக் 1 என்றும் வைக்க வேண்டும். ஸ்லாட்டில் மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஃபைபரை மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் போட வேண்டும். எல்லாம் சரியாகப் போட்டும் இரண்டாவது சிபியு சேர மறுத்தது. இரண்டும் இன்னும் சேரவில்லை என்று காட்டும் ரெட்எஃப் விளக்கு மினுக்கத் தொடங்கும், பிறகு நின்றுவிடும், சிபியு ஸ்டாப். டயக்னாஸ்டிக் பஃபரை (சிபியுவின் நிகழ்வுப் பதிவு) திறந்து பார்த்தால் ஃபர்ம்வேர், அதாவது உள் மென்பொருளின், பதிப்பு வேறு. ஒரே ஆர்டர் நம்பர்தான், ஆனால் வேறு வேறு சமயத்தில் வந்து சேர்ந்த சரக்கு. பழையதைப் புதிய பதிப்புக்கு ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. இணையும்போது ரெட்எஃப் மெதுவாக மினுக்கும், அப்டேட் கட்டத்தில் வேகமாக மினுக்கும், பிறகு அணையும். அந்த விளக்கு அணைவதை முதல் தடவை பார்த்தபோது பக்கத்தில் நின்ற எல்லோருமே கைதட்டினோம்.

அடுத்து பஸ் கேபிள். கன்ட்ரோல் ரூமிலிருந்து கடைசி ரேக் இருக்கும் சக்கை கன்வேயர் டவர் வரை 340 மீட்டர். காப்பர் ப்ரொஃபிபஸ் 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு செக்மென்ட் 200 மீட்டர்தான் போகும். 500 கேபிபிஎஸ் என்றால் 400 மீட்டர். 187.5 என்றால் 1000 மீட்டர். நடுவில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் போட்டு 1.5-இலேயே ஓட்டலாம் என்று உதவிக்கு வந்த தம்பி சொன்னார். நான் 500-க்கு இறக்கினேன். ஐந்து ரேக், ஒவ்வொன்றிலும் எட்டு கார்டு. கணக்குப் போட்டால் ஒரு சுற்று 20 மில்லி விநாடியைச் சுற்றித்தான் வருகிறது. பாய்லரின் கட்டுப்பாட்டு லூப்பெல்லாம் 100 மில்லி விநாடி டாஸ்க்கில் ஓடுகின்றன. தேவையில்லாத வேகத்துக்காக லைன் நடுவே இன்னொரு மின்னணுப் பெட்டியையும் அதற்கொரு சப்ளையையும் கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு லைனையும் ஒரே ட்ரேயில் போட்டுவிட்டால் வேலை பாதியாகும். காண்ட்ராக்டர் அதைத்தான் கேட்டார். பைப் ரேக்குக்கு மேல் வெல்டிங் வேலை நடக்கும்போது விழுகிற ஒரு தீக்கங்கு இரண்டையும் சேர்த்துப் பொசுக்கும். அதனால் முதல் லைன் கிழக்குப் பக்கப் பைப் ரேக்கின் மேல், இரண்டாவது லைன் தரையடி ட்ரெஞ்ச் வழியாக. கன்வேயர் டவருக்குப் போகும் கடைசி 60 மீட்டரில் மட்டும் வேறு வழியே கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே ட்ரேயில்தான் போகின்றன. நடுவே ஒரு தகட்டுப் பிரிப்பு வைத்திருக்கிறோம். அது எனக்கு இன்னும் திருப்தி இல்லை. டவரின் எர்த்தும் கன்ட்ரோல் ரூம் எர்த்தும் வேறு வேறு நிலையில் இருந்தால் கேபிளின் உலோகப் பின்னல் (ஷீல்டு) வழியே கரண்ட் ஓடும் என்பதால், கேபிள் கூடவே 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒன்றையும் இழுத்து இரண்டு முனையையும் கட்டினோம்.

கனெக்டர் போடுவது சின்ன வேலை என்று நினைத்து யாரிடமாவது விட்டுவிடாதீர்கள். ஊதாக் கேபிளை அதற்கான கத்தியில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினால் மேலுறை, பின்னல், உள்ளுறை மூன்றும் சரியான நீளத்தில் கழன்று வரும். பச்சை ஏ, சிவப்பு பி. பின்னல் முழுதும் உலோகப் பிடியின் கீழே படிய வேண்டும். ஒரு இழை நழுவிப் போய் பச்சையைத் தொட்டாலும் போச்சு. கனெக்டர் முதுகில் இருக்கும், முனைத் தடையை (டெர்மினேஷன்) இணைக்கும் குட்டி சுவிட்ச் லைனின் இரண்டு முனைகளில் மட்டும் ஆன், நடுவே எல்லாம் ஆஃப். நடுவில் எங்கேனும் ஆன் ஆகியிருந்தால் அதற்கு அப்பால் போகும் கேபிளையே அது துண்டித்துவிடும்.

இதை மீட்டரில் பார்க்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பவர் கொடுக்கும் முன் ஏ, பி நடுவே ஓம்ஸ் பார்த்தால், இரண்டு முனையின் 220 ஓம் தடைகளும் இணையாக வந்து 110-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். கேபிளின் சொந்தத் தடையும் சேர்ந்து எங்களுக்கு 118 வந்தது. நடுவே ஒரு சுவிட்ச் தப்பாக ஆனில் இருந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ அதே எண்தான் வரும், ஏனென்றால் அந்த நடு சுவிட்ச்சின் தடையே முனைத் தடைபோலத் தெரியும். மறுமுனைக்குப் போய் அளந்தால்தான் 220 என்று உளறும். ஆகவே இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். டவர் மேலே ஏறி இறங்க வேண்டியதுதான்.

எல்லா ரேக்கும் ஏறி, லூப் செக் (ஒவ்வொரு சிக்னலையும் முனைக்கு முனை சோதிப்பது) தொடங்கி, ஃபேன் ட்ரையலும் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் ஐடி ஃபேன் பக்கத்து நாலாவது ரேக்கில் ஒரு வயரை மாற்றப் போனேன். வலது ஐஎம்மில் பஸ் கோளாறைக் காட்டும் பிஎஃப் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கனெக்டரின் இரண்டு திருகையும் யாரோ முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஃபேன் அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று பஃபரில் பார்த்தேன். ஒன்பது நாள். ஒன்பது நாளும் நாங்கள் அந்த ரேக்கில் வேலை பார்த்தோம், சிக்னல் எல்லாம் வந்தது, ஸ்கிரீனில் எல்லாம் பச்சை. இடது ஐஎம் மட்டும் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது. அதுவும் விழுந்திருந்தால் ரேக் மொத்தமும் போயிருக்கும், இரண்டு மடங்கு செலவு செய்தும்.

யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். ஐஓ பக்கத்து ரிடன்டன்சி (இரட்டைப் பாதுகாப்பு) போனால் சிபியு ஓபி 70 என்ற புரோகிராம் பிளாக்கைக் கூப்பிடும். சிபியு ரிடன்டன்சி போனால் ஓபி 72. இரண்டையும் உள்ளே ஒன்றும் எழுதாமல் வெற்று பிளாக்காக ஏற்றி வைத்திருந்தேன், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. சிபியுவின் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். பேனல் கதவு மூடியிருந்தது. ஒற்றை பிஎல்சி கெட்டால் ஊருக்கே தெரியும். இரட்டை பிஎல்சியில் ஒரு பாதி கெட்டால் சத்தமே வராது. வேலை நன்றாக நடப்பதுபோலவே இருக்கும். அன்று மாலையே மற்ற வேலையை நிறுத்திவிட்டு அலாரம் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு ரேக்கின் இடது, வலது ஐஎம் நிலை, சிபியு இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா, எது மாஸ்டர், ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் (24 வோல்ட் பவர் சப்ளை) டிசி ஓகே கான்டாக்ட், இரண்டு யூபிஎஸ்ஸின் ஃபால்ட் எல்லாம் ஸ்காடாவில் (கன்ட்ரோல் ரூம் கணினித் திரை) ஒரே பக்கத்தில். ஏதாவது ஒன்று போனாலும் ஹூட்டர் அடிக்கும். ஆபரேட்டர் அண்ணன், "பாய்லர் நல்லா ஓடுதே, எதுக்குத் தம்பி கத்துது?" என்று கேட்டார். பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்யத்தான் அந்தச் சத்தம் என்று விளக்கிச் சொன்னேன். இப்போது அவர்தான் ஷிப்ட் மாறும்போது முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்.

பிறகு வந்தது சோதனை நாள். முதலில் சிபியு. மாஸ்டரின் பவர் சப்ளையை அணைத்தோம். மற்றதில் மாஸ்டர் விளக்கு ஏறியது, ஒரு அவுட்புட்டும் அசையவில்லை. மறுபடி பவர் கொடுத்ததும் தானே சோதித்துக்கொண்டு, இணைந்து, அப்டேட் ஆகிச் சேர்ந்தது. ஒரு ஃபைபரைப் பிடுங்கினோம்; ஸ்டாண்ட்பை விலகிக்கொண்டது, மாஸ்டர் தனியாக ஓடியது. இரண்டு ஃபைபரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் பார்க்கவில்லை, நீங்களும் வேண்டாம். பேச்சு முழுதும் அறுந்துபோனால் இரண்டு சிபியுவும் தானே மாஸ்டர் என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டு ஃபைபர் வைப்பதும், அவற்றைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும் அதற்காகத்தான்.

அடுத்து ரேக் பவர். ஒவ்வொரு ரிமோட் பேனலுக்கும் இரண்டு யூபிஎஸ்ஸிலிருந்து தனித்தனி ஃபீடர், தனித்தனி எஸ்எம்பிஎஸ். ஏ சப்ளையில் இடது ஐஎம், பி சப்ளையில் வலது ஐஎம். கார்டுகளின் ஃபீல்டு 24 வோல்ட் மட்டும் இரண்டிலிருந்தும் டயோடு மாட்யூல் வழியாகச் சேர்ந்து வரும். முதல் ரேக்கில் ஏ எம்சிபியை (பிரேக்கர் சுவிட்ச்) இறக்கினேன். இடது ஐஎம் இருண்டது, வலதில் ஆக்ட் ஏறியது. இரண்டாவது ரேக்கும் அப்படியே. மூன்றாவது ரேக் ஃபீட் பம்ப் ஹவுஸில். எலக்ட்ரீஷியன் அண்ணன் எம்சிபியை இறக்கினார். ஸ்காடாவில் நின்றிருந்தவர் வாக்கி டாக்கியில், "ஒண்ணும் ஆகலை, எல்லாம் ஓகே" என்றார். அண்ணன் அடுத்த ரேக்குக்குக் கிளம்பிவிட்டார்.

நான் பேனல் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். எம்சிபியின் நெம்பு கீழே கிடக்கிறது. இடது ஐஎம்மில் பச்சை ஆன் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது அணைந்திருக்க வேண்டும்.

பி எம்சிபியை இறக்கி ஏ-யை ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் இரண்டு ஐஎம்மும் எரிந்தன. எந்தப் பக்கத்தை அணைத்தாலும் எதுவும் அணையவில்லை. சோதனைத் தாளில் எழுதினால் இரண்டு வரிக்கும் தாராளமாக டிக் போட்டிருக்கலாம். டிராயிங்கில் இரண்டு சப்ளையும் தனித்தனி டெர்மினல் வரிசை. வயர் டக்ட்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். இரண்டு வரிசையும் முடிந்து தொடங்கும் இடத்தில், டெர்மினலின் நடுக்குழியில் அமிழ்ந்து, சிவப்பாக ஒரு சீப்பு ஜம்பர். இரண்டு பல் ஏ பக்கம், இரண்டு பல் பி பக்கம். மேலே வயர்கள் வளைந்து மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. பேனல் கட்டிய இடத்தில் ஒரே சப்ளையை வைத்து இரண்டு பக்கத்தையும் சோதித்துப் பார்க்கப் போட்டிருக்கிறார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள்.

அந்த ஜம்பர் இருந்தால் ஒரு எஸ்எம்பிஎஸ் செத்தாலும் பரவாயில்லைதானே, இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எலக்ட்ரீஷியன் அண்ணனும் அதைத்தான் கேட்டார். ஏ பக்கத்தில் ஒரு வயர் உரசி ஷார்ட் ஆனால்? ஜம்பர் வழியாக பி-யும் அதே ஷார்ட்டுக்குள் கொட்டும். இரண்டு சப்ளையும் சேர்ந்து சரியும், இரண்டு ஐஎம்மும் சாகும். அந்த ரேக்கில் ஃபீட் பம்ப்பின் ஆயில் பிரஷர், பேரிங் டெம்பரேச்சர் எல்லாம் இருக்கின்றன. இரண்டு யூபிஎஸ், இரண்டு ஃபீடர், இரண்டு எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் அரை விரல் நீளத் தகடு ஒன்று மறுபடி ஒற்றையாக்கி வைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தோம். ஏ-யை இறக்கினோம், இடது விளக்கு அணைந்தது. அதன் பிறகு சோதனைத் தாளையே மாற்றி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டம்: எது ஓட வேண்டும், எது சாக வேண்டும். இரண்டும் நடந்தால்தான் டிக். முதல் இரண்டு ரேக்கையும் புதிய தாளோடு மறுபடி செய்தோம்.

ஐந்தாவது ரேக் வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. அங்கே பி சப்ளையை அணைத்தோம். வலது ஐஎம் அணைந்தது, நல்லது. ஆனால் இரண்டு நிமிடம் கழித்து நாலாவது ரேக்கின் வலது ஐஎம் அலாரம் வந்து போனது. மறுபடி வந்து போனது. ஐந்தில் பவரை ஏற்றியதும் நின்றுவிட்டது. லைன் முனையில் இருக்கும் டெர்மினேஷன் வெறும் 220 ஓம் மட்டும் இல்லை. அதற்கு இருபுறமும் 390 ஓம் தடைகள் 5 வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் போகின்றன, லைன் சும்மா இருக்கும்போது அதை ஒரு நிலையில் பிடித்து வைக்க. அந்த 5 வோல்ட் கனெக்டர் மாட்டியிருக்கும் ஐஎம்மிலிருந்தே வருகிறது. கடைசி ஐஎம் இருண்டால் டெர்மினேஷனும் அரைகுறையாகிறது. அதே லைனில் மற்ற ரேக்குகள் தடுமாறுகின்றன. ஒரு ரேக்கின் சப்ளை பக்கத்து ரேக்கின் பஸ்ஸைத் தொடுகிறது என்பது டிராயிங்கில் எங்கேயும் தெரியாது. தீர்வு எளிது: தனி 24 வோல்ட்டில் ஓடும் ஆக்டிவ் டெர்மினேட்டர் இரண்டு வாங்கி, லைனுக்கு ஒன்றாக முனையில் வைத்தோம், சப்ளையை ஐஎம்மின் எம்சிபியிலிருந்து எடுக்காமல் வேறு எம்சிபியிலிருந்து கொடுத்தோம். கடைசி ரேக்கின் கனெக்டர் சுவிட்ச் இப்போது ஆஃபில். பவர் அணைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தோம், நாலாவது ரேக் அசையவில்லை.

ஸ்டீம் ட்ரையல் அன்று பாய்லர் குறைந்த நெருப்பில் நின்றது. டிரம் லெவல் ஆட்டோவில். மேனேஜர் முதல் எல்லோரும் கன்ட்ரோல் ரூமில். ஓடுகிற பாய்லரில் மாஸ்டர் சிபியுவை அணைக்கப் போகிறேன் என்றதும் ஒரு நொடி யாரும் பேசவில்லை. ஆபரேட்டர் அண்ணன் ஃபீட் வால்வின் மேனுவல் பட்டனில் கை வைத்துத் தயாராக நின்றார். அதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அணைத்தேன். ஹூட்டர் அடித்தது. டிரெண்ட் கோடு போன போக்கிலேயே போயிற்று. "லெவல் அசையவே இல்லையே தம்பி" என்றார் அண்ணன், கையை எடுக்காமலே. அணைத்த சிபியு திரும்பி வந்து அப்டேட் முடியும் வரை அப்படியே நின்றார்.

பருவம் தொடங்கி மாதத்துக்கு ஒருமுறை, கரும்பு வரத்து குறைந்திருக்கும் நாளில், ஒவ்வொரு ரேக்காக ஏ, பி சப்ளைகளை அணைத்துப் பார்க்கிறோம். ஷிப்ட் இன்ஜினியர் கையெழுத்து இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாக. சிபியு தன் உள்சோதனையை 90 நிமிடத்துக்கு ஒருமுறை தானே பின்னணியில் முடித்துக்கொள்ளும். ஆனால் டெர்மினல் குழிக்குள் கிடக்கும் தகட்டையோ திருகு கழன்ற கனெக்டரையோ நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ஐஎம், ஒரு பஸ் மாட்யூல், ஒரே ஃபர்ம்வேர் ஏற்றிய சிபியு ஒன்று ஸ்டோரில் இருக்கிறது. சிபியு அட்டைப்பெட்டியின் மேல் பதிப்பு எண்ணை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். கன்வேயர் டவருக்குப் போகும் அந்த 60 மீட்டர்தான் பாக்கி. அடுத்த இடைவெளியில் டவரின் மேற்குக் காலில் புது ட்ரே அடித்து, இரண்டாவது லைனை அந்தப் பக்கம் தள்ள எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.